சாணத்தை வைத்து மேய்ச்சலைக் கணிப்பது: தென்னாப்பிரிக்காவின் நட்டால் பக்கத்து அனுபவங்கள்

மாடு எந்தச் செடியைத் தின்றது என்று சாணத்தில் மிஞ்சும் துணுக்குகளை வைத்துக் கண்டுபிடிப்பது பற்றி மூன்று ஊர்க்காரர்கள் பேசுகிறார்கள். பேசுகிறவரை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறது.

மாரிட்ஸ்பர்க்:
மாடு காலையில் எழுந்ததும் போடும் முதல் சாணம்தான் வேண்டும். கோடையில் வெயில் ஏறினால் சாணவண்டு கிளறிப் போட்டுவிடும். மண்ணும் உதிர்ந்த புல்லும் கலந்துவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது. குவியலின் மேல்பகுதியில் மட்டும் தீப்பெட்டி அளவு எடுங்கள், பத்து மாட்டிடம் இருந்து. பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். காகிதப் பையில் போட்டு 60 டிகிரியில் 48 மணி நேரம் உலர்த்துங்கள். வசதி இல்லாத இடத்தில் 70 சதவீத எத்தனாலில் ஊறப்போடலாம்.

கேம்ப் (வேலியிட்ட மேய்ச்சல் பகுதி) மாற்றிய மறுநாளே சாணம் அள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். தின்றது வெளியே வர இரண்டு மூன்று நாள் ஆகும், கையில் இருப்பது பழைய கேம்ப்பின் புல்தான்.

சாட்ஸ்வொர்த்:
அண்ணா சொன்னபடி உலர்த்தியதை 1 மி.மீ. சல்லடை போட்ட அரவையில் அரைத்து ஜிக்கில் (கடையில் கிடைக்கும் வெளுப்புத் திரவம்) ஊறவையுங்கள். வெளுத்ததும் எடுத்துக் கழுவ வேண்டும். கூடுதல் நேரம் விட்டால் மெல்லிய மேல்தோல் கரைந்து தண்டுத் துணுக்குதான் மிஞ்சும், மாடு தண்டையே தின்றதுபோலத் தெரியும். ஒரு துளி கிளிசரினில் பரப்பி நுண்ணோக்கியில் 100 மடங்கில் பாருங்கள். ஐந்து ஸ்லைடு, ஒவ்வொன்றிலும் இருபது புலம் (நுண்ணோக்கியில் ஒரு தடவை தெரியும் வட்டம்).

புல்லில் செல்கள் நீள வரிசையாக ஓடும், இலைத்துளையின் காவல் செல் டம்பெல் மாதிரி இருக்கும். மர இலையில் செல்கள் ஒன்றுக்குள் ஒன்று வளைந்து கோத்திருக்கும், காவல் செல் அவரைவிதை வடிவம். புல்லுக்குள் வகை பிரிக்க செல்லில் படிந்த சிலிக்காத் துகளின் வடிவம் உதவும்: கினிப்புல்லில் டம்பெல், அறுகில் குதிரைச் சேணம். ரோய்கிராஸும் (இங்கத்துச் செம்புல், Themeda) டம்பெல் கூட்டம்தான், அதனால் முடிகளையும் பார்க்காமல் பெயர் எழுதாதீர்கள். ஒப்பிடுவதற்கு அதே கேம்ப்பில் பறித்த செடிகளின் ஸ்லைடு வேண்டும். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டு, கதிர் எல்லாம் தனித்தனியாக. வேலையில் பாதி இதற்கே போகும், போகட்டும்.

எஸ்ட்கோர்ட்:
அக்கா, நூறு புலத்தில் அறுபதில் ரோய்கிராஸ் தென்பட்டால் 60 சதவீதம் தின்றது என்று எழுதலாமா?

சாட்ஸ்வொர்த்:
கூடாது தம்பி. ஒரு புலத்தில் ஒரே துணுக்கு இருந்தாலும் ஐந்து இருந்தாலும் ஒன்றாகத்தானே எண்ணுகிறோம். அதை அடர்த்தியாக மாற்ற வேண்டும்: 1-இல் இருந்து 0.6 கழித்து, மீதிக்கு இயல் மடக்கை எடுத்துக் குறியை மாற்றினால் 0.92. இன்னொரு புல் இருபது புலத்தில் இருந்தால் அது 0.22. மூன்று மடங்கு போலத் தெரிந்தது உண்மையில் நான்கு மடங்குக்கு மேல். ஏறக்குறைய எல்லாப் புலத்திலும் ஒரே புல் வந்தால் ஸ்லைடில் சாணம் அதிகம், குறைத்துப் போடுங்கள்.

இதுவும் துணுக்குக் கணக்குதான். குளோவர் போன்ற மென்மையான இலை வயிற்றிலேயே கரைந்துவிடும், நார்ப்புல் தங்கும். தெரிந்த அளவு தீவனம் கொடுத்த மாட்டின் சாணத்தையும் இதேபோல் எண்ணினால்தான் எது எவ்வளவு குறைகிறது என்று திருத்த முடியும்.

மாரிட்ஸ்பர்க்:
புல்லா மரமா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் கார்பன்-13 (கார்பனின் கனமான வகை) எவ்வளவு என்று பார்ப்பது சுலபம். இம்பாலா மானின் புழுக்கைக்கு இதுதான் சரி, அது இரண்டையும் தின்னும். ஒரு நிலையான அளவோடு ஒப்பிட்டால் வெப்பநிலப் புல் ஆயிரத்துக்கு -12 பக்கம், மர இலை -27 பக்கம். புழுக்கையில் மதிப்பு உணவைவிடச் சுமார் 1 குறைவாக வரும். புழுக்கை -18 என்றால் உணவு -17, அதாவது மூன்றில் இரண்டு பங்கு புல். இரண்டு முனை எண்களையும் உங்கள் இடத்துச் செடியில் அளந்து போடுங்கள்.

தம்பி, உங்கள் எஸ்ட்கோர்ட் பக்கம் இது கவிழ்த்துவிடும். பால்பண்ணைகளில் குளிர்காலத்துக்குப் போடும் ரைகிராஸும் (தீவனப்புல், ரோய்கிராஸ் இல்லை), டிராக்கென்ஸ்பர்க் மலை உச்சிச் சரிவின் குளிர்ப்புற்களும் மர இலையின் எண்ணையே காட்டும். அங்கே -20 வந்தால் மாடு புதரைக் கடித்ததா ரைகிராஸை மேய்ந்ததா என்று சொல்ல முடியாது. ஸ்லைடுக்குத்தான் திரும்ப வேண்டும்.