ஆர்.ஏ. (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், முடக்குவாதம்) காலுக்கு இறங்கியவர்கள்: நடந்ததை எழுதுங்கள்

தஞ்சை மகள்
அம்மாவுக்கு ரொம்ப வருஷமாக ஆர்.ஏ. இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட், ஃபோலிக் ஆசிட் மருந்தெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. என்னை விடாமல் உறுத்துவது மெட்டி. பெருவிரல் உள்பக்கம் சாய்ந்து, இரண்டாம் விரல் அதன்மேல் ஏறிப் படுத்துவிட்டது. மெட்டி கழலவில்லை. சோப்பு போட்டோம், எண்ணெய் போட்டோம், நூல் சுற்றி இழுத்தோம். விரல் கறுக்க ஆரம்பித்ததும் பத்தர் கடைக்கு ஓடினோம். அவர் தரையில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, "வலிக்குதாம்மா, வலிக்குதாம்மா" என்று கேட்டுக் கேட்டே வெட்டி எடுத்தார். அம்மா ஓவென்று அழுதார். அப்பா உயிரோடு இருக்கும்போதே மெட்டியைக் கழற்றும்படி ஆயிற்றே என்ற அழுகை அது. அத்தனை வருஷத்தில் அம்மாவின் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்த முதல் ஆள் அந்தப் பத்தர்தான். எந்த டாக்டரும் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை.

சேலம் வாத்தியார்
சகோதரி, வருத்தம் புரிகிறது. ஆனால் எல்லா டாக்டரையும் சேர்த்துச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் நோயின் வேகத்தை அளக்க அவர்கள் எண்ணுவது 28 மூட்டுகளை: தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்கள், முழங்கால். கணுக்காலும் பாதமும் அந்தக் கணக்கிலேயே இல்லை. அதனால் 'நோய் அடங்கிவிட்டது' என்று ஸ்கோர் வந்தபிறகும் பாதத்தில் வீக்கம் இருக்கலாம்.

எனக்குக் கண்டுபிடித்ததே கால் வழியாகத்தான். கை அப்போது நன்றாக இருந்தது. வகுப்பில் நிற்க முடியவில்லை என்று போனேன். பயிற்சிக்கு வந்த ஒரு சின்னப் பெண் டாக்டர், விரல்கள் தொடங்கும் இடத்தில் பாதத்தை இரண்டு பக்கமும் பிடித்துச் சேர்த்து அமுக்கினார். கத்தியே விட்டேன். எக்ஸ்ரேயில் சுண்டுவிரல் மூட்டு எலும்பு அரித்திருந்தது. அந்தப் பெண் இன்று எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மதுரைக்காரி
வாத்தியார் சார், 28 கணக்குன்னா காலைப் பார்க்கக் கூடாதுன்னு யாராச்சும் தடுத்தாங்களா? எனக்கு அந்த நியாயம் பிடிபடல.

என் கதை சின்னது. கூழாங்கல் மேல நிக்கிற மாதிரியே இருக்கும், உங்களுக்கே தெரியும். மக கல்யாணத்துக்குச் செருப்பு வாங்கப் போனோம். பொம்பளைங்க செருப்பு ஒண்ணும் நுழையல. கடைப் பையன் ஒரு வார்த்தை பேசாம உள்ள போய் ஆம்பளைங்க சாண்டல் ஒண்ணு எடுத்துட்டு வந்து, அவனே குனிஞ்சு, விரல ஒவ்வொண்ணா உள்ள விட்டு மாட்டிவிட்டான். பட்டுப்புடவைக்குக் கீழ அதைப் போட்டுக்கிட்டுத்தான் தாரை வார்த்தேன். போட்டோவுல கால் தெரியாமப் பார்த்துக்கிட்டாங்க. அதுதான் இன்னும் ஆறல.

குறிஞ்சி
எல்லாரும் ஒன்று கவனியுங்கள். உள்ளங்காலில் காய்ப்பது வெறும் கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவாதீர்கள், ஆணி பிளாஸ்திரியும் ஒட்டாதீர்கள். என் அக்கா சீவினார், புண்ணாகி மாதக்கணக்கில் ஆறவில்லை. விரல்கள் மேல்நோக்கி வளையும்போது அடியில் இருக்கும் கொழுப்பு மெத்தை முன்னால் நகர்ந்துவிடுகிறது. எலும்பின் தலை நேராகத் தோலை அழுத்துகிறது. தோல் தடிப்பது அதனால்தான். அழுத்தம் இருக்கும்வரை எத்தனை முறை சீவினாலும் திரும்ப வரும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குப் புண் ஆறுவதும் தாமதம்.

எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு கேளுங்கள். தொழுநோயாளிகள் போடுவது என்று கூச்சப்பட்டு என் அக்கா முதலில் தொடவே இல்லை. அது அழுத்தத்தைப் பரப்புகிற ரப்பர், அவ்வளவுதான். முன்பக்கம் அகலம் வேண்டும், பின்னால் வார் வேண்டும், பக்கிள் வேண்டாம், வெல்க்ரோ போதும், கைவிரல் மடங்காதவர்களும் மாட்டலாம். அளவு கொடுக்கும்போது நின்றபடி, சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரத்தில் கொடுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கணுக்கால் உள்பக்கம் சரிந்து பாதம் தட்டையாகிறது என்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள், ஆரம்பத்தில் செருப்புக்குள் வைக்கும் தாங்கி உதவும், மூட்டு இறுகியபிறகு அதனால் நிமிர்த்த முடியாது.

கொங்கு வாசகர்
குறிஞ்சி, செருப்பே போதும் என்கிற மாதிரி எழுதிவிட்டீர்கள். எனக்குப் போதவில்லை. வலது காலில் ஆபரேஷன் ஆயிற்று. பெருவிரல் மூட்டை அசையாமல் இணைத்து, மற்ற விரல்களின் அடியில் துருத்திய எலும்புத் தலைகளை எடுத்துவிட்டார்கள். பாதம் கொஞ்சம் குட்டையாகிவிட்டது, குத்துக்கால் போட்டு உட்கார வராது. ஆனால் கட்டுப் பிரித்து முதல்முறை ஊன்றியபோது அடியில் எதுவும் குத்தவில்லை. நம்பாமல் மறுபடி மறுபடி அழுத்தி ஊன்றினேன். நர்ஸ் "மெதுவா, மெதுவா" என்று கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

இப்போது இடது கால். பயாலஜிக் ஊசி (ஆர்.ஏ.வை அடக்க நோய் எதிர்ப்பு வேகத்தைக் குறைக்கும் ஊசி) போட்டு வந்தவர்களில் ஆபரேஷனுக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஆபரேஷனுக்காக ஊசியை நிறுத்தியிருந்த நாட்களில் மற்ற மூட்டுகள் எப்படி இருந்தன?