வீட்டில் போட்டோ பிரிண்ட் தொழில்: பென்னாகரத்தில் எடுபடுமா?

பென்னாகரம்_வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணத்துக்கு முன்பு தர்மபுரியில் ஒரு ஸ்டூடியோவில் டிசைன் வேலை பார்த்தேன். ஆல்பம் அடுக்குவது, பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பின்னணி மாற்றுவது எல்லாம் கைக்கு வந்த வேலை. இப்போது பென்னாகரத்தில் இருக்கிறோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். முன்னறை சும்மா கிடக்கிறது, லேப்டாப் இருக்கிறது, கையில் ஐம்பதாயிரம் வரை சேர்த்து வைத்திருக்கிறேன்.

நான்கு கலர் பிரிண்டர் போதுமா, ஆறு கலர் வேண்டுமா? கப்பில் போட்டோ போடுவதையும் சேர்த்தே ஆரம்பிக்கலாமா? ஒகேனக்கல் போகிற கூட்டம் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது, அதில் ஏதாவது கிடைக்குமா? “எல்லாரும் போன்லயே பாத்துக்கறாங்க, யாரும்மா பிரிண்ட் போடுவா?” என்கிறார் மாமியார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

ஓசூர்_இங்க்டேங்க்:

சகோதரி, ஆறு கலர்தான். நான்கு கலரில் கன்னம், நெற்றி மாதிரி வெளிச்சம் விழும் இடங்களில் புள்ளி தெரியும். எப்சன் எல் 8050 போன்ற மெஷினில் வெளிர் நீலம், வெளிர் மெஜந்தா என இரண்டு இங்க் கூடுதலாக இருப்பதால் தோல் நிறம் வழவழப்பாக வரும்.

கப் இப்போது வேண்டாம். அதற்கு சூட்டில் கப்பில் ஏறும் சப்ளிமேஷன் இங்க் தனி, அதற்கென்றே ஒரு பிரிண்டர் ஒதுக்க வேண்டும், சூட்டில் அழுத்தும் ஹீட் பிரஸ் மெஷினும் வேண்டும். போட்டோ போடும் மெஷினில் அந்த இங்க்கை ஊற்றக் கூடாது.

காரிமங்கலம்_ஸ்டூடியோ:

தங்கச்சி, நான் இந்தத் தொழிலிலேயே இருக்கிறவன். மாமியார் கேட்டது நியாயமான கேள்விதான். ஊர் சுற்றிய படத்தைப் பிரிண்ட் போட யாரும் வர மாட்டார்கள். ஒகேனக்கல் கூட்டத்தை மறந்துவிடுங்கள், அவர்களுக்கு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். உங்களைத் தேடி வரப்போவது பென்னாகரத்தைச் சுற்றியிருக்கும் கிராமத்து ஜனங்கள். அவர்களுக்குப் பேப்பரில் படம் தேவைப்படும் நேரங்கள் இரண்டு: விண்ணப்பம், சாவு.

முதலில் விண்ணப்பம். பள்ளி, கல்லூரி சேர்க்கைக் காலத்தில் மூச்சு விட நேரம் இருக்காது. நீட் எழுதும் பிள்ளைகள் பாஸ்போர்ட் சைஸோடு 4×6 அங்குல போஸ்ட்கார்டு சைஸும் கேட்பார்கள். வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிய வேண்டும். நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுப்பவர்களும் வருவார்கள். பெரியவர்களை அந்த அலுவலகத்திலேயே படம் எடுத்துவிடுகிறார்கள், குழந்தைக்கு மட்டும் நாம்தான் கொடுத்தனுப்ப வேண்டும். 35×45 மில்லிமீட்டர் அளவில் ஒரு 4×6 ஷீட்டில் எட்டு காப்பி உட்காரும். இங்கே அதற்கு 60 ரூபாய் வாங்குகிறேன்.

பேப்பரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பசை தடவுவார்கள், அதன் மேல் கையெழுத்துப் போடுவார்கள், சீல் குத்துவார்கள். மட்டமான பேப்பரில் பசையின் ஈரம் ஏறி முகம் கலங்கிவிடும். ரெசின் கோட்டிங் உள்ள பேப்பர், கம்பெனி இங்க், இரண்டும் கட்டாயம். கடையில் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, நீங்களே சோதிக்கலாம். ஒரு பிரிண்ட்டைப் பாதி அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒட்டி வையுங்கள். ஒரு மாதம் கழித்து அட்டையை எடுத்தால் நடுவில் கோடு தெரிகிறதா, இல்லையா என்பதிலேயே விடை இருக்கும். நம் பக்கத்து வெயிலுக்கு அந்தச் சோதனை பொய் சொல்லாது.

இப்போது இரண்டாவது. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கருமாதிக்கு முன் படம் வேண்டும் என்று வருவார்கள். கையில் இருப்பது ஆதார் அட்டை, பழைய ரேஷன் கார்டு, இல்லையென்றால் யாரோ கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் ஒரு தலை. இப்போது ஏஐ ஆப்பில் போட்டால் நொடியில் பளிச்சென்று ஆக்கித் தருகிறது. ஆனால் பல நேரம் அது வேறு யாரோ. போன தை மாதம் ஒரு பாட்டி படம் வந்தது. இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டவர். ஆப் ஒரு பக்கத்து மூக்குத்தியை அழித்துவிட்டது, காது வளர்த்து தொங்கியதைச் சின்னக் காதாக்கிவிட்டது, சுருக்கத்தையெல்லாம் தேய்த்து நாற்பது வயது ஆக்கிவிட்டது. அதைக் கொடுத்திருந்தால் பேரன் பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருப்பான். மகள் பார்த்திருந்தால் “எங்கம்மா இல்லையே” என்றிருப்பார். அந்தப் படம்தான் அந்த வீட்டுச் சுவரில் காலத்துக்கும் இருக்கப் போகிறது.

அதனால் மூலப் படத்தை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். கறை, கிழிசல், அட்டையின் சீல் தடம், இதை மட்டும் கையால் எடுங்கள். முகத்தைத் தொடாதீர்கள். பின்னணியையும் புடவை நிறத்தையும் மாற்றலாம், தப்பில்லை. பிரிண்ட் போடும் முன் வீட்டில் மூத்த பெண் ஒருவரைக் கூப்பிட்டுத் திரையில் காட்டுங்கள். ஆண்களிடம் காட்டினால் “சரி சரி, போடுங்க” என்றுவிடுவார்கள். மச்சம் எந்தப் பக்கம், பொட்டு எவ்வளவு பெரிது என்பதைப் பெண்கள்தான் சொல்வார்கள். இந்த வேலையில் பேரம் பேசி நான் பார்த்ததில்லை, நாமும் அதிகம் கேட்கக் கூடாது. ஒரு வீட்டில் முகம் சரியாக வந்துவிட்டால் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் என்று அந்தப் பங்காளிகள் எல்லாரும் உங்களிடம்தான் வருவார்கள்.

அரூர்_தம்பி:

அக்கா, கடன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இருக்கும் பணத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். இல்லை, பெரிதாகவே ஆரம்பிக்க நினைத்தால் மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி திட்டத்தைக் கேளுங்கள், மானியத்தோடு தொழில் கடன் கிடைக்கும் மத்திய அரசுத் திட்டம். ஆனால் அது புதுத் தொழிலுக்குத்தான், ஏற்கனவே நடக்கும் கடைக்குக் கிடையாது. அதனால் ஆரம்பிக்கும் முன்பே ஒரு நடை போய் விசாரித்து முடிவெடுங்கள். பெண்களுக்குக் கிராமப்புறம் என்றால் 35 சதவீதம், நகர்ப்புறம் என்றால் 25 சதவீதம் மானியம். அது கையில் வராது. மூன்று வருடம் வங்கியிலேயே வைப்பாக நிற்கும், அப்புறம்தான் கடனில் கழியும். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு ஆதார், பான் இருந்தால் இலவசம். அதற்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பென்னாகரம்_வாசகி:

ரொம்ப நன்றி அண்ணா, தம்பி. காரிமங்கலம் அண்ணன் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். மாமனார் படம் எங்கள் வீட்டில் இல்லை, வாக்காளர் அட்டையில் இருப்பது மட்டும்தான். “அதைப் போட்டுத் தருவியா?” என்று மாமியார் கேட்கிறார். இன்னும் இரண்டு சந்தேகம். சுவரில் மாட்டும் 12×18 அங்குலப் படத்தை ஏ4 மெஷினில் எப்படிப் போடுவது? இங்கே கரண்ட் அடிக்கடி போகிறதே, பிரிண்டர் தாங்குமா?

காரிமங்கலம்_ஸ்டூடியோ:

12×18ஐ நீங்கள் போட வேண்டாம். ஃபைலை 300 டிபிஐயில், எஸ்ஆர்ஜிபி என்ற கலர் அமைப்பில் சேமித்து போட்டோ லேபுக்கு அனுப்பினால் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். 8×10 வரை வீட்டிலேயே முடியும்.

கரண்ட்டுக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிவிடுங்கள். பிரிண்டரை எப்போதும் அதன் பட்டனில்தான் அணைக்க வேண்டும். சுவர் சுவிட்சை அணைத்தால் இங்க் தெளிக்கும் ஹெட் மூடாமல் நின்றுவிடும், இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வேலை இல்லாத வாரத்திலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு கலர் படம் போட்டுவிடுங்கள்.

மாமனார் படத்தையே முதலில் எடுங்கள். வாக்காளர் அட்டையை ஸ்கேன் செய்யும்போது லேமினேஷன் பளபளப்பு விழுந்தால், மேகமூட்டமான நேரத்தில் திண்ணையில் வைத்து நேர் மேலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல், கேமராவில் எடுங்கள். ஃபைலை எனக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.