ஜிஆர்86-க்கு வால்வு எக்ஸாஸ்ட்: வாக்குவமா, மோட்டாரா?

ஈசூன்86:
வணக்கம், சிங்கப்பூர்ல இருக்கேன். டொயோட்டா ஜிஆர்86, மேனுவல் கியர், இன்னும் எதுவும் மாத்தலை. பின் சைலன்சரை எடுத்துட்டு சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திறந்து மூடற வால்வு வெச்ச கேட்-பேக் (புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னாடி வர்ற குழாயும் சைலன்சரும்) போடலாம்னு யோசனை. விடியக்காலையில மல்ட்டி ஸ்டோரி கார்பார்க்ல ஸ்டார்ட் பண்ணா அக்கம்பக்கம் எழக்கூடாது. மலேசியாவுல செப்பாங் ரேஸ் டிராக் போனா நல்லா உறுமணும். காக்கி புக்கிட்ல ஒரு கடையில வாக்குவம் வால்வு போடச் சொல்றாங்க, சின் மிங்ல இன்னொரு கடையில ரிமோட் வெச்ச எலக்ட்ரிக் வால்வு. எதைப் போடறது? டிபிஇ விரைவுச்சாலையில 90-ல போறப்ப காதுக்குள்ள ‘ம்ம்ம்’னு இரையுமாமே, அதைத் தவிர்க்க வழி உண்டா? எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) பக்கம் என்ன நிலவரம்?

நாலுசிலிண்டர்:
கடைசிக் கேள்வியை முதல்ல முடிச்சுடலாம், எந்த சைலன்சர் வாங்கறதுன்னு அதுதான் முடிவு பண்ணும். எக்ஸாஸ்ட் மாத்த எல்டிஏ ஒப்புதல் வேணும். சத்தமும் புகையும் என்இஏ (தேசியச் சுற்றுப்புற வாரியம்) வரம்புக்குள்ள இருக்கணும். மீறினா அபராதம், சிறை ரெண்டுக்கும் சட்டத்துல இடம் இருக்கு. "இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மூடி வெச்சுக்குங்க, போதும்"னு சொல்ற கடைப்பக்கம் போகாதீங்க. ரோட்டுச் சோதனையில அதிகாரி வால்வைத் திறந்து காட்டச் சொன்னா அப்ப என்ன பண்ணுவீங்க? முழுசாத் திறந்த நிலையிலயே வரம்புக்குள்ள வர்ற சைலன்சரா வாங்குங்க. மூடற வசதி அண்டை வீட்டுக்காரங்களுக்கும் உங்க காதுக்கும்தான்.

நின்ற வண்டியில சத்தம் அளக்க ஐஎஸ்ஓ 5130-னு ஒரு முறை இருக்கு. மைக் குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, வாயோட உயரத்துல, 45 டிகிரி கோணத்துல இருக்கணும். தரையிலிருந்து 20 செ.மீ.க்குக் கீழே போகக்கூடாது. உங்க எஞ்சினுக்கு உச்ச சக்தி 7,000 ஆர்பிஎம்-ல வருது, அதனால 3,750-ல நிலையாப் பிடிச்சு, ஆக்ஸிலரேட்டரைச் சட்டுனு விடணும். அந்த நேரத்துல வர்ற அதிகபட்ச அளவுதான் கணக்கு. 86-ல ரெண்டு வாயும் தள்ளித் தள்ளி இருக்கறதால ரெண்டையும் தனித்தனியா அளந்து பெரிசை எடுத்துக்கணும். கடையில பொருத்தினதும் இதே மாதிரி ஒரு மீட்டர் வெச்சுப் பாருங்க. போன் ஆப் காட்டற எண்ணை நம்ப வேண்டாம். முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பார்க்க மட்டும் உதவும். 10 டெசிபல் ஏறினா காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

சைலன்சர் மேல ‘இ’ முத்திரை (ஐரோப்பிய விதிப்படி ஒப்புதல் வாங்கின அடையாளம்) இருக்குன்னு காட்டுவாங்க. அது எந்த வண்டிக்கு வாங்கினதுன்னு காகிதத்தைக் கேளுங்க. வேற மாடலுக்கு வாங்கின சான்றிதழை வெச்சு உங்க வண்டிக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

வயரிங்கண்ணன்:
எலக்ட்ரிக் போடுங்க தம்பி. உங்க தேவைக்கு வாக்குவம் நேர் எதிர்.

வாக்குவம் டப்பாவுக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கும். பெரும்பாலான செட்ல எஞ்சின் அதுலேர்ந்து காத்தை உறிஞ்சினா வால்வு மூடும், விட்டா ஸ்பிரிங் திறந்துடும். ஹோஸ் கிழிஞ்சாலும் எஞ்சின் மூச்சுத் திணறக்கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. ஆனா ராத்திரி முழுக்க நின்ன வண்டியில வாக்குவம் மெதுவாக் கசிஞ்சு போயிடும். காலையில சாவி போட்டதும் வால்வு திறந்த நிலை, எஞ்சினோ குளிர்ல ஐடிலைத் தூக்கி ஓடற நேரம். மூடறதுக்குள்ள ஆள் எழுந்தாச்சு. மிதிச்சு ஓட்டும்போதும் மேனிஃபோல்டுல (எஞ்சினுக்குள்ள காத்து போற குழாய்) வாக்குவம் இறங்கிடறதால, நடுவுல ஒரு வழி வால்வு இல்லைன்னா, மூடி வெச்சது தானாத் திறந்துக்கும். இதே டர்போ வண்டின்னா பூஸ்ட் ஹோஸுக்குள்ள போகும், ஒரு வழி வால்வு இல்லாமப் போடவே கூடாது.

எலக்ட்ரிக்ல மோட்டாருக்குக் கரண்ட் நின்னாலும் வால்வு விட்ட இடத்துலயே நிக்கும். மூடிட்டு எஞ்சினை ஆஃப் பண்ணுங்க, காலையில மூடியே இருக்கும். அதோட எதிரி ரெண்டு: சூடு, மழைத் தண்ணி. மோட்டாருக்கும் குழாய்க்கும் நடுவுல துருப்பிடிக்காத தகடு ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒரு செ.மீ. காத்து இடைவெளி. கனெக்டர் வாய் கீழே பார்க்கணும்; வயரைக் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏத்தினா தண்ணி வளைவுலயே சொட்டிடும். கரண்டை இக்னிஷன் போட்டா மட்டும் வர்ற ஃப்யூஸ்ல இருந்து ஃப்யூஸ் டேப் வெச்சு எடுங்க, 5 ஆம்ப் போதும். நேரா பேட்டரியில குத்தினா ரிமோட் ரிசீவர் நாள் முழுக்கக் கரண்டைக் குடிக்கும். வாரக் கடைசியில மட்டும் ஓடற வண்டி ஒரு நாள் ஸ்டார்ட் ஆகாது. பாடியில புதுசா ஓட்டை போட விடாதீங்க, இருக்கற கிராமெட் (வயர் போற ஓட்டையில உள்ள ரப்பர் வளையம்) வழியாவே இழுக்கலாம்.

ஆர்கான்வெல்டிங்:
வால்வு எங்க உட்காருதுன்னு பார்த்துட்டு வாங்குங்க. மலிவு செட்ல குழாய்க்கு நடுவுல ஒரு தட்டு, அவ்வளவுதான். மூடினா புகை போக இடமில்லாம பேக்-பிரஷர் ஏறும். நல்லதுல ரெண்டு பாதை: மூடினா அறைகள் வழியா சுத்திப் போகும், திறந்தா நேரா வெளியே.

இரைச்சலுக்குக் கணக்கு இருக்கு. 86 மேனுவல் ஆறாவது கியர்ல 90 போனா எஞ்சின் சுமார் 2,400 ஆர்பிஎம். நாலு சிலிண்டர்ல ஒரு சுத்துக்கு ரெண்டு வெடிப்பு, ஆக நொடிக்கு 80. அந்த 80 ஹெர்ட்ஸ்தான் கேபினுக்குள்ள நிக்கறது. குழாய்ல பக்கவாட்டுல நுனி மூடின ஒரு கிளைக் குழாயை வெல்ட் பண்ணா, போன அலை திரும்பி வந்து எதிரெதிரா அடிபட்டுப் போகும். நீளம் அலைநீளத்துல கால் பங்கு. கிளைக்குள்ள வாயு கொஞ்சம் ஆறியிருக்கும். ஒலி வேகம் 420 மீட்டர்னு வெச்சா 420-ஐ 320-ஆல (80-ஐ நாலால பெருக்கினது) வகுக்க 1.3 மீட்டர். அவ்வளவு நீளத்தை அடியில மடக்கி வைக்க இடம் தேடணும், அதனாலதான் பல கடையில இதைப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டாங்க. 10 செ.மீ. கூடுதலா விட்டு, ஓட்டிப் பார்த்து வெட்டுங்க. குறைச்சு வெட்டிட்டா திரும்ப ஒட்டற வேலை.

குழாய் 304 ஸ்டெயின்லெஸ், 1.5 மி.மீ. தடிமன், இரண்டரை அங்குலம். டிக் வெல்டிங் பண்ணும்போது குழாய்க்கு உள்பக்கமும் ஆர்கான் வாயு ஓடணும். ஓடலைன்னா மூட்டின் உள்பக்கம் கருகிப் பொரிப்பொரியா நிக்கும், வெளியே பார்த்தா அழகாத்தான் தெரியும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஒரு மூட்டைப் பொருத்தறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு உள்ளே பாருங்க. வண்டியிலயே வெல்ட் பண்ற மாதிரி இருந்தா பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடணும்.

இன்னொண்ணு, ரெண்டு மீட்டர் குழாய் 400 டிகிரி சூடேறினா 14 மி.மீ. வரைக்கும் நீளும். ஆறின நிலையில பம்பரை ஒட்டி ‘பர்ஃபெக்ட்டா’ வெச்சிருந்தா சூட்டுல தட்டும், பம்பர் விளிம்பு உருகும். சுத்தி 2 செ.மீ. விடச் சொல்லுங்க.

ஈசூன்86:
எல்லாருக்கும் நன்றி. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் எடுத்துட்டா சத்தம் இன்னும் கூடும்னு அந்தக் கடையில சொல்றாங்களே?

நாலுசிலிண்டர்:
வேண்டாம். ரெண்டாவது ஆக்ஸிஜன் சென்சார் பி0420 கோட் (கன்வர்ட்டர் சரியா வேலை செய்யலைங்கற பிழைக் குறியீடு) போட்டு எஞ்சின் லைட்டை எரிய விடும், புகைச் சோதனையில விழும், சட்டப்படியும் தப்பு. கன்வர்ட்டருக்குப் பின்னாடி மட்டும் கை வைங்க, இசியு-வுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) தெரியவே தெரியாது. சத்தம் உள்ளே போதாதுன்னா, 86-ல ஸ்பீக்கர் வழியா எஞ்சின் சத்தத்தைக் கூட்டித் தர்ற ஆக்டிவ் சவுண்ட் கன்ட்ரோல் ஏற்கெனவே இருக்கு. சிலருக்கு அது பொய்ச் சத்தம்னு பிடிக்காது, ஆனா பக்கத்து வீட்டுக்குக் கேக்காது பாருங்க. பழைய சைலன்சரைக் கடையில விட்டுட்டு வராதீங்க, வண்டியை விக்கறப்ப தேவைப்படும்.

வயரிங்கண்ணன்:
போட்ட பிறகு வாரம் ஒரு தடவையாவது வால்வைத் திறந்து மூடுங்க. ஒரே நிலையில விட்டா தண்டுல கரியும் ஈரமும் சேர்ந்து இறுகிடும், அப்புறம் மோட்டார் முக்கி முக்கி ஃப்யூஸ் போகும். ஐடில்ல தகர டப்பா மாதிரி கிடுகிடுன்னா தண்டோட புஷ் தேய்ஞ்சிருக்கு. அதை மட்டும் மாத்தலாம், முழு சைலன்சர் வாங்கச் சொன்னா ஏமாந்துடாதீங்க.