தம்பிக்கு கிட்னி மாற்று ஆபரேஷனுக்கு தேதி கொடுத்துட்டாங்க, கொரோனா ஊசி ரெண்டாவது டோஸ் போட்டுட்டு பண்றதா, இப்பவே பண்றதா?

மலைக்கோட்டை_அக்கா
ஜூலை 2021

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கோங்க. தம்பிக்கு 31 வயசு, ரெண்டு வருஷமா டயாலிசிஸ், வாரத்துக்கு மூணு தடவை. அம்மா கிட்னி குடுக்குறாங்க. ப்ளட் க்ரூப் ஒண்ணு, தம்பி உடம்பு அம்மா கிட்னியை எதிர்க்குமான்னு பாக்குற கிராஸ் மேட்ச் டெஸ்ட் நெகட்டிவ், தானத்துக்கு அனுமதி குடுக்குற கமிட்டி பேப்பரெல்லாம் போன வருஷமே ரெடி. அப்போ லாக்டவுன்னு தள்ளிப் போச்சு, இந்த ஏப்ரல்ல தேதி கொடுத்தாங்க, செகண்ட் வேவ் வந்து அந்த வார்டையே கொரோனா வார்டா மாத்திட்டாங்க. இப்ப ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் வந்து அட்மிட் ஆயிடுங்கன்னு போன்.

குழப்பம் என்னன்னா, தம்பி கோவிஷீல்டு முதல் டோஸ் ஜூன் முதல் வாரம் தான் போட்டான். 84 நாள் கணக்குல ரெண்டாவது ஆகஸ்ட் கடைசில தான் வரும். வெளிநாடு படிக்கப் போற பசங்களுக்கு 28 நாள்லயே போடுறாங்களாம், ஆபரேஷனுக்குப் போறவனுக்கு கிடையாதாம், என்ன நியாயமோ. ஆபரேஷனுக்கு அப்புறம் எதிர்ப்பு சக்தியை அமுக்குற மாத்திரை குடுப்பாங்க, அப்ப ஊசி போட்டாலும் சரியா புடிக்காதுன்னு எங்கயோ படிச்சேன், உண்மையா?

இன்னொண்ணு, அம்மாவுக்கு மே மாசம் கொரோனா வந்து வீட்லயே இருந்து சரியாச்சு. அந்த கிட்னில வைரஸ் ஒட்டிக்கிட்டு இருக்குமா? மாமா வேற தேர்ட் வேவ் வருது, எல்லாம் அடங்கட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டு இருக்காரு. அவருக்கென்ன, மெஷின்ல படுக்குறது அவரா?

டாக்ரோ_மச்சான்

அக்கா, நான் 2016ல மாத்திக்கிட்டவன், அப்பா கிட்னி. உங்க மாமா சொல்ற மாதிரி அடுத்த வருஷம்னு மட்டும் தள்ளாதீங்க. அதே நேரத்துல இது சும்மா ஜலதோஷம்னும் நினைக்காதீங்க. போன வருஷம் ஆரம்பத்துல நியூயார்க்ல ஒரு ஆஸ்பத்திரியில கிட்னி மாத்தின 36 பேருக்கு கொரோனா வந்ததைப் பத்தி எழுதியிருந்தாங்க, மூணு வாரத்துல 28 சதவீதம் பேர் இறந்துட்டாங்க. அதைப் படிச்சுட்டு எனக்கு பல நாள் தூக்கமே இல்ல.

அப்புறம் மே மாசம் எனக்கே வந்துச்சு. காய்ச்சல் ரெண்டு நாள்ல விட்டுருச்சு, வயித்துப்போக்கு தான் விடல. மாத்திரை எல்லாம் வெளியே போயிருமேன்னு நான் பயந்தா, நடந்தது தலைகீழ். வயித்துப்போக்கு இருந்தா டாக்ரோலிமஸ், அதான் எதிர்ப்பு சக்தியை அமுக்குற மாத்திரை, ரத்தத்துல ஏறுமாம், லெவல் பாத்தா எப்பவும் இருக்குறதுக்கு டபுளா இருக்கு, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினினும் கூடவே ஏறிருச்சு. டாக்டர் போன்லயே அதே மாதிரி இன்னொரு மாத்திரையான மைகோஃபெனோலேட்டை நிறுத்தி, டாக்ரோவை குறைச்சு, ப்ரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டை மட்டும் விடக்கூடாதுன்னு கண்டிப்பா சொன்னாரு. இதெல்லாம் அவர் சொல்லி செஞ்சது, தானா எதையும் நிறுத்தக்கூடாது, நிறுத்துனா உடம்பு கிட்னியை ரிஜெக்ட் பண்ணிரும். இப்ப கிரியாட்டினின் பழைய இடத்துக்கே வந்துருச்சு. ஆனா எனக்கு அஞ்சு வருஷம் ஆயிருச்சுக்கா, டோஸ் எல்லாம் கம்மி. புதுசா மாத்துனவனுக்கு முதல் ஆறு மாசம் தான் கண்டம்.

மெஷின்_நம்பர்_7

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். ஆபரேஷனைத் தள்ளி வச்சா தம்பி வீட்ல பத்திரமா இருப்பான்னு தான் எல்லாரும் நினைக்கிறாங்க. எங்க இருப்பான்? வாரம் மூணு நாள், நாலு நாலு மணி நேரம், பக்கத்து கட்டில் ஆறடி கூட தள்ளி இல்லாத ஏசி ஹால்ல இருப்பான். ஊரே கதவை சாத்திட்டு உக்காந்தப்பவும் டயாலிசிஸ்காரங்க மட்டும் ஷேர் ஆட்டோ புடிச்சு வந்துட்டு தான் இருந்தாங்க. மாஸ்க் எல்லாரும் போடுவாங்க சார், வந்து படுக்கும்போது. மூணாவது மணி நேரத்துல ஒரு அட்டெண்டர் இட்லி வாங்கிட்டு வருவாரு பாருங்க, ஒரே நேரத்துல மொத்த ஹாலும் மாஸ்கை தாடைக்கு இறக்கும், அப்ப தான் பேச்சும் சிரிப்பும் கூட. என் கண்ணு முன்னாடி ஒரு ஷிஃப்ட் முழுக்க பாசிட்டிவ் ஆனது அப்படித்தான்.

அதனால எப்ப ஆபரேஷன்னு முடிவு பண்ணாலும் அது வரைக்கும் தம்பிக்கு காலைல முதல் ஷிஃப்ட், ஓரத்துக் கட்டில் கேட்டு வாங்குங்க. ஹால்ல சாப்பிட வேணாம், லோ சுகர் ஆகுற ஆளா இருந்தா சிஸ்டர்கிட்ட சொல்லிட்டு தனியா ஏதாவது. ஷேர் ஆட்டோ வேண்டவே வேண்டாம், பைக்ல யாராவது கொண்டு விடுங்க. என்னைக் கேட்டா இப்பவே ஆபரேஷன் பண்ணிடுங்கன்னு தான் சொல்லுவேன்.

நெஃப்ரோ_மதுரை

டெக்னீஷியன் தம்பி சொன்ன ஹால் விஷயம் நூத்துக்கு நூறு சரி, கடைசி வரில மட்டும் எனக்கு வேற அபிப்ராயம். அம்மா, உங்க தம்பியை நான் பாக்கல, உங்க டாக்டர் சொல்றது தான் கடைசி வார்த்தை. பொதுவா சொல்றேன்.

ஊசி பத்தி நீங்க படிச்சது உண்மை தான். அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்காரங்க உறுப்பு மாத்தின 658 பேருக்கு ரெண்டு டோஸ் போட்டப்புறம் பாத்ததுல 54 சதவீதம் பேருக்கு தான் ஆன்டிபாடி வந்துச்சு. ஃப்ரான்ஸ்ல போன மாசம் வந்த கணக்குல ரெண்டு டோஸுக்கு 40 சதவீதம், மூணாவது போட்டா தான் 68. இதெல்லாம் ஃபைசர் மாதிரி எம்ஆர்என்ஏ ஊசி, நம்ம ஊர்ல இந்த 2021 ஜூலை வரைக்கும் அதுவும் இல்ல, மூணாவது டோஸும் இல்ல. டயாலிசிஸ்ல இருக்குறவங்களுக்கு இதை விட நல்லாவே புடிக்குது. பெரிய வில்லன் மைகோஃபெனோலேட், புதுசா ஆன்டிபாடி உண்டாக்குற செல்களையே அது பெருக விடாது. அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு டோஸும் முடிச்சு, ரெண்டு வாரமாவது விட்டு கத்தி வைக்கிறது தான் லாபம். உங்க கணக்குல செப்டம்பர் நடுவுல வருது, இப்ப கொடுத்த தேதிக்கும் அதுக்கும் ஒரு மாசம் தான் வித்தியாசம். தம்பி டயாலிசிஸ்ல ஸ்டெடியா இருந்தா, குடுக்குறது அம்மாவா இருக்கும்போது, ஒரு மாசத்துல ஒண்ணும் குடிமுழுகிடாது. இதுவே மூளைச்சாவு அடைஞ்சவர்கிட்ட இருந்து வர்ற கிட்னிக்கு லிஸ்ட்ல காத்திருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வந்தா கதையே வேற, அப்ப டோஸ் கணக்கெல்லாம் பாக்காம வண்டி ஏறணும்.

அம்மா கிட்னில வைரஸ் இருக்குமேன்னு பயப்பட வேணாம். குணமாகி, அறிகுறி இல்லாம நாலு வாரம் தாண்டி, ஆர்டி பிசிஆர் நெகட்டிவ்னா இங்கயே பல சென்டர்ல எடுத்து வச்சிருக்காங்க, வாங்கினவங்களுக்கு அதால கொரோனா வரல. நான் கேக்குற கேள்வி வேற. மே மாசம் அம்மாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை குடுத்தாங்களா? கொரோனாவுக்கப்புறம் புதுசா சுகர் வந்தவங்களை இப்ப ஓபில தினம் பாக்குறேன். போன வருஷ ரிப்போர்ட்டை நம்பாதீங்க, குளுக்கோஸ் குடிச்சுட்டு எடுக்குற டெஸ்ட், யூரின்ல புரோட்டீன், நெஞ்சு சிடி எல்லாம் புதுசா எடுக்கச் சொல்லுங்க. ஒரு கிட்னியோட மிச்ச காலம் வாழப் போறது அவங்க.

அப்புறம் புது கிட்னியை உடம்பு ரிஜெக்ட் பண்ணாம இருக்க ஆபரேஷன் சமயத்துல குடுக்குற ஆரம்ப மருந்து ஏடிஜியா, பாசிலிக்ஸிமாப்பான்னு கேளுங்க. ஏடிஜி, எதிர்ப்பு சக்திக்கான டி செல்களை அப்படியே துடைச்சு எடுத்துரும், திரும்ப வளர மாசக்கணக்காகும், இந்த நேரத்துல தேவையில்லாம குடுக்க யோசிப்பாங்க. அம்மா மகன்னா திசுப் பொருத்தத்துல பாதி மேட்ச் எப்படியும் இருக்கும், வேற சிக்கல் இல்லன்னா பாசிலிக்ஸிமாப் போதும்னு நிறைய பேர் முடிவு பண்றாங்க. வைரஸ்னா கொரோனா மட்டும்னும் நினைக்காதீங்க. சிஎம்வின்னு ஒண்ணு, நம்ம ஊர்ல பெரும்பாலும் எல்லார் உடம்புலயும் சின்ன வயசுலயே வந்து தூங்கிட்டு இருக்கும், மருந்து ஆரம்பிச்சதும் முழிச்சுக்கும், அதுக்கு வால்கான்சிக்ளோவிர் மாசக்கணக்குல குடுப்பாங்க, விலை கொஞ்சம் கடி தான். பிகேன்னு இன்னொரு வைரஸ், காய்ச்சலும் இருக்காது ஒண்ணும் இருக்காது, கிரியாட்டினின் மட்டும் சத்தமில்லாம ஏறும், அதுக்குன்னு தனி மருந்தும் கிடையாது, எதிர்ப்பு சக்தியை அமுக்குற மருந்தைக் குறைச்சு தான் சமாளிக்கணும், அதான் பிசிஆர் எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. ஹெபடைடிஸ் பி ஊசி முடிஞ்சுதா, டைட்டர், அதாவது ரத்தத்துல அதோட ஆன்டிபாடி அளவு, வந்துருக்கான்னும் இப்பவே பாத்துருங்க.

சும்மா_ஒருத்தன்

இவ்ளோ பயப்படுறதுக்கு தினம் கபசுர குடிநீர் குடிக்க வச்சா போதுமே, எங்க வீட்ல எல்லாரும் குடிச்சோம், ஒருத்தருக்கும் வரல. இயற்கையா எதிர்ப்பு சக்தி ஏறும்.

டாக்ரோ_மச்சான்

ப்ரோ, நீங்க தாராளமா குடிங்க. எங்க கதை உல்டா. எதிர்ப்பு சக்தி ஏறக்கூடாதுன்னு தான் நான் காலைல ஒன்பது ராத்திரி ஒன்பதுக்கு அலாரம் வச்சு மாத்திரை முழுங்குறேன், அதைக் கிளப்பி விட்டா அது முதல்ல அடிக்கிறது அப்பா குடுத்த கிட்னியைத் தான். கபசுரத்துல சீந்தில் இருக்கு, நிலவேம்பு இருக்கு, மொத்தம் பதினஞ்சு சரக்கு, எது டாக்ரோ லெவலை என்ன பண்ணும்னு யார் கண்டா? பம்ப்ளிமாஸ் பழத்தையே தொடாதேன்னு டயட்டீஷியன் எழுதிக் குடுத்துருக்காங்க, லெவல் ஏறிருமாம். அக்கா, ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க கையில இருக்குற கஷாயத்தை வாசல்லயே வாங்கி வச்சுருங்க, தம்பி வரைக்கும் போக வேணாம்.

மலைக்கோட்டை_அக்கா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இங்க எழுதுனதை அப்படியே பிரிண்ட் எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட கேட்டேன், நல்லவேளை கோவிச்சுக்கல. செப்டம்பர் மூணாவது வாரத்துக்கு மாத்திட்டாரு, பாசிலிக்ஸிமாப் தான்னும் சொல்லிட்டாரு. அம்மாவுக்கு ஸ்டீராய்டு குடுத்தது உண்மை தான் சார், எங்களுக்கு அது நினைவே இல்ல, பழைய சீட்டைத் தேடிப் பாத்தப்ப தான் தெரிஞ்சுது. சுகர் டெஸ்ட் எடுத்தாச்சு, பார்டர்ல இருக்கு, அரிசியைக் குறைச்சு நடக்கச் சொல்லி ஒரு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்னு சொல்லிருக்காங்க. அது தான் இப்ப வயித்தைக் கலக்குது. தம்பிக்கு டயாலிசிஸ் முதல் ஷிஃப்ட் கிடைச்சிருச்சு, ஓரக் கட்டில் கிடைக்கல. வீட்ல 18 வயசு தாண்டின எல்லாரும் ஊசி போட்டாச்சு, மாமா உட்பட.

ஒரே ஒரு சந்தேகம். தம்பிக்கு ஒன்றரை வயசுல பையன் இருக்கான், அவனுக்கு வழக்கமா குழந்தைங்களுக்குப் போடுற தடுப்பூசி பூஸ்டர் வருது, போடலாம்ல?

நெஃப்ரோ_மதுரை

நல்ல கேள்வி, பாதி பேர் கேக்கவே மாட்டாங்க. ஊசி எல்லாம் போடலாம், தட்டம்மை ருபெல்லா ஊசியும் போடலாம், அது பக்கத்துல இருக்குறவங்களுக்கு பரவாது. வாயில விடுற போலியோ சொட்டு மட்டும் தான் சிக்கல், அதுல இருக்குறது உயிருள்ள வைரஸ், குழந்தை மலத்துல வாரக்கணக்கா வெளியே வரும். வீட்ல இப்படி ஒரு ஆள் இருக்காருன்னு குழந்தை டாக்டர்கிட்ட சொல்லி போலியோவுக்கு ஊசியா கேளுங்க, பல்ஸ் போலியோ அன்னிக்கு வீட்டுக்கு வர்றவங்ககிட்டயும் சொல்லி வைங்க. தெரியாம சொட்டு விட்டுட்டா ஒரு மாசத்துக்கு தம்பி டயப்பர் பக்கமே போகக்கூடாது, மத்தவங்க சோப்பு போட்டு கை கழுவணும். அம்மா ரிசல்ட் வந்ததும் இங்க எழுதுங்க, சுகர் பார்டர்ல இருக்கும்போதே கிட்னியை எடுத்துட்டா பின்னாடி அவங்களுக்கு எப்படி ஃபாலோ அப் பண்றதுன்னு பேசணும்.