ஐரிஷ் கருக்கலைப்பு வாக்கெடுப்பு: சீட்டில் இருந்தது ஒன்று, பேசியது வேறா?

நிலாமுற்றம் கேட்டது:
அயர்லாந்தில் 2018 மே 25 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பின் வாக்குச்சீட்டைப் படத்தில் பார்த்தேன். 'கருக்கலைப்பு' என்ற சொல்லே அதில் இல்லை. அரசியலமைப்பின் 36-ஆவது திருத்த மசோதாவை ஏற்கிறீர்களா, ஆமா இல்லையா, அவ்வளவுதான். ஆனால் ஊர் முழுக்க 12 வாரம் வரை கலைக்கலாம், 12 வாரம் என்றுதானே பேச்சு? புரிந்துதான் ஓட்டுப் போட்டார்களா? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

டப்ளின்வாசி:
நான் நடுநிலை ஆள் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஆம்' பக்கத்துக்காக ஐந்து வாரம் சாயங்காலங்களில் வீடு வீடாகப் போனவள். அப்போதுதான் குடியுரிமை வாங்கியிருந்தேன். அங்கே பொதுவாக்கெடுப்பில் குடிமக்களுக்கு மட்டும்தான் ஓட்டு. என் கணவருக்கு இல்லை. அவர் குடை பிடித்துக்கொண்டு கூட வந்தார்.

நீங்கள் கேட்டதுதான் வாசலுக்கு வாசல் கேட்ட கேள்வி. தாய்க்கும் கருவுக்கும் சமமான வாழ்வுரிமை என்ற 1983-ஆம் ஆண்டு வாசகத்தை எடுத்துவிட்டு, கர்ப்பத்தை முடிப்பதை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றலாம் என்று ஒரே வரி போடுவதுதான் திருத்தம். 12 வாரம் என்பது மார்ச் மாதம் அரசு வெளியிட்ட சட்ட வரைவில் இருந்தது. நாங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் குழப்பினோம். எதிர்ப்பக்கமும் அதையேதான் செய்தது.

ஒரு பெரியவரிடம், "12 வாரத்துக்கு மேல் போகாது, கவலைப்படாதீர்கள்" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். "திருத்தத்தில் எங்கே இருக்கிறது, காட்டு" என்றார். கையில் தாள் இருந்தது, காட்டத்தான் ஒன்றும் இல்லை. நாளைக்கு நாடாளுமன்றம் நினைத்தால் மாற்றலாம் என்று ஒப்புக்கொண்டேன். "83-லும் இப்படித்தான் அர்த்தம் சொல்லி ஓட்டு வாங்கினார்கள்" என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. அன்று கருக்கலைப்பை அடியோடு தடுக்கிறோம் என்று நம்பி 66.9 சதவீதம் பேர் 'ஆம்' போட்டார்கள். 1992-இல் ஒரு 14 வயதுச் சிறுமியின் வழக்கில், தற்கொலை அபாயம் இருந்தால் அதே வாசகத்தின்படி கருக்கலைப்பு செய்யலாம் என்றது உச்ச நீதிமன்றம்.

அப்புறம் போஸ்டர்கள். ரேடியோ, டிவியில் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் போட முடியாது. மே மாதம் கூகுளும் இந்த வாக்கெடுப்பு விளம்பரங்களை நிறுத்திவிட்டது. ஆக, விளக்குக் கம்பங்கள்தான். இங்கிலாந்தில் ஐந்தில் ஒரு குழந்தை கலைக்கப்படுகிறது என்று ஒரு போஸ்டர். அந்தக் கணக்கில் கருச்சிதைவுகள் சேரவில்லை. இதை விளக்க எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும். காரில் போகிறவருக்கு அதைப் படிக்க மூன்று நொடி போதும்.

ஆனால் சவிதா ஹலப்பனவார் பெயரை மட்டும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கருக்கலைப்பு மறுக்கப்பட்டு 2012-இல் கால்வே நகர மருத்துவமனையில் இறந்த இந்தியப் பெண். நான் கதவைத் தட்டினால், என் நிறத்தைப் பார்த்துவிட்டு அவர்களே ஆரம்பிப்பார்கள். அது எனக்கு எப்போதும் வசதியாக இருந்ததில்லை.

கணக்குப்பிள்ளை:
புரிதல் என்று பார்த்தால் 1992-ஐயும் பாருங்கள். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் கலைக்கலாம், ஆனால் தற்கொலை அபாயத்தைக் காரணமாக ஏற்கக் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். இவ்வளவு கெடுபிடியா என்று ஒரு சாரார் 'இல்லை' போட்டார்கள். இவ்வளவு கூட விடக் கூடாது என்று எதிர்த்தரப்பில் பலரும் 'இல்லை' போட்டார்கள். 65 சதவீதத்துக்கு மேல் 'இல்லை'! அதே நாளில், கருக்கலைப்புக்காக வெளிநாடு போகும் உரிமையும் அதைப் பற்றித் தகவல் பெறும் உரிமையும் ஜெயித்தன. 2002-இல் திரும்பவும் கேட்டார்கள், 50.4 சதவீதம் 'இல்லை'. 2018-இல் 66.4 சதவீதம் 'ஆம்'. தொகுதிகளில் டொனிகல் மட்டும் 'இல்லை'.

நிலாமுற்றம்:
நன்றி இருவருக்கும். அக்கா, அந்தப் பெரியவர் கடைசியில் என்ன போட்டாராம்?

டப்ளின்வாசி:
நான் கேட்கவில்லை. "தாளைக் கொடுத்துவிட்டுப் போ" என்றார், கொடுத்தேன். 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் 12 வாரம்தான் இருக்கிறது. அதைச் சொல்லலாம் என்று ஒருநாள் அந்தத் தெருப்பக்கம் போனேன். வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.