எல்நாட்டில் 19 மார்க். ஒரு வருடம் காத்திருந்து மறுபடி எழுதலாமா?

பிறைப்பெண்:

வணக்கம். இங்கே அக்கா, அண்ணன்மார் யாராவது எல்நாட், அதாவது இங்கிலாந்தில் சட்டம் படிக்க எழுதுகிற நுழைவுத் தேர்வு (பத்திகளைப் படித்து விடை தேர்ந்தெடுக்க 42 கேள்வி, அதோடு ஒரு கட்டுரை), இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்களா? நான் போன டிசம்பரில் எழுதினேன். 42-க்கு 19. லண்டன் பல்கலைக்கழகங்களான யூ.சி.எல்., எல்.எஸ்.இ., கிங்ஸ் மூன்றும் கைவிரித்துவிட்டன, எல்நாட் கேட்காத ஷெஃபீல்டு மட்டும் இடம் தருகிறேன் என்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தோதான தேதி கோலாலம்பூரில் (கே.எல்.) தான் கிடைத்தது. விடியற்காலையில் பட்டர்வொர்த்தில் அப்பாவோடு ஈ.டி.எஸ். ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, வழி தேடிக் கண்டுபிடித்து உள்ளே போய் உட்காரும்போதே பாதி உயிர் போய்விட்டது. ஏர்கான் நேரே தலைக்கு மேல். மூன்றாவது பத்தி புரியவே இல்லை, விடவும் மனசு வரவில்லை, நிமிர்ந்து பார்த்தால் அதிலேயே 14 நிமிடம் ஓடியிருந்தது. கடைசி இரண்டு பத்திகளைப் படிக்காமலே ஏதோ ஒன்றை அமுக்கினேன். கட்டுரையில் இந்தப் பக்கமும் நியாயம் இருக்கிறது, அந்தப் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று எழுதி முடித்துவிட்டேன். வீட்டில் சண்டை நடந்தால் பாட்டி தீர்ப்பு சொல்வாரே, அந்த மாதிரி.

அதற்கு முன்னால் ஒரு டியூஷன் சென்டருக்கு 1,800 வெள்ளி கட்டினோம். வாரம் ஒரு பேப்பர் தருவார்கள், அடுத்த வாரம் விடையை மட்டும் ஸ்கிரீனில் போடுவார்கள். ஏன் சி, ஏன் டி இல்லை என்று கேட்டால் "நேரமில்லை, அடுத்தது போவோம்." அப்பா ஓவர்டைம் செய்து கட்டிய காசு, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இப்போது மறுபடி எழுதவா, கிடைத்த இடத்துக்கே போகவா? ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்தால் கல்யாண வீட்டில் ஆளாளுக்குக் கேட்பார்கள் என்று அம்மாவுக்குக் கவலை.

கோப்பி_ஓ:

ஏன் தங்கச்சி ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்? ஐந்து தடவை வரை எழுதலாம் என்று என் கசின் சொன்னான். செப்டம்பரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று எழுதிவிட்டு நல்ல மார்க்கை அனுப்பு லா.

செந்தூல்காரி:

கோப்பி அண்ணே, உங்கள் கசின் சொன்னது அமெரிக்காவில் சட்டம் படிக்க எழுதுகிற எல்சாட். அதுதான் ஐந்து தடவை, வாழ்நாளுக்கு மொத்தம் ஏழு. எல்நாட் அப்படி இல்லை. செப்டம்பரில் தொடங்கும் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு தடவைதான், அதே சுற்றில் இரண்டாவதாக எழுதினால் அந்த மார்க் செல்லாது. ஒரு வருடத்து மார்க்கை அடுத்த வருட விண்ணப்பத்துக்கும் கொண்டுபோக முடியாது. அதனால் தங்கச்சி, மறுபடி எழுதுவது என்றால் யூ.சி.ஏ.எஸ். வழியாக அனுப்புகிற பல்கலைக்கழக விண்ணப்பமும் முதலிலிருந்துதான், நன்றாக யோசித்துக்கொள்.

நான் இரண்டு தடவை எழுதினேன். முதலில் 20, அடுத்த வருடம் 27. சராசரியே பெரும்பாலும் 20-க்கும் 24-க்கும் நடுவில்தான் நிற்கும், அதனால் 19 என்பது தலையில் கைவைத்து உட்கார வேண்டிய மார்க் இல்லை. இரண்டு பத்தியைப் படிக்காமலே 19 வாங்கியிருக்கிறாய், அதையும் கணக்கில் எடு.

முதல் தடவை நானும் உன்னை மாதிரிதான், பேப்பர் மேல் பேப்பராகச் செய்து தள்ளினேன், மார்க் 19, 21, 20 என்று அங்கேயே நின்றது. இரண்டாம் தடவை செய்த பேப்பர்கள் பாதிகூட இல்லை. கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 நோட்டு ஒன்று வாங்கினேன். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: நான் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன், சரியான விடை ஏன் சரி, என்னை ஏமாற்றிய சொல் எது. குருட்டாம்போக்கில் சரியாக வந்ததும் கடன்தான், அதையும் எழுத வேண்டும். ஒரு பேப்பர் செய்ய 95 நிமிடம் என்றால் நோட்டு எழுத இரண்டு மணி நேரம் ஆகும். எரிச்சலாக இருக்கும். மூன்று வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் ஒரே ஆளுக்குத்தான் திரும்பத் திரும்பக் கடன்பட்டிருப்பாய்.

எனக்கு அந்த ஆள் 'அசம்ப்ஷன்' கேள்வி. ஒரு உதாரணம் பார். "பினாங்குப் பாலத்தில் டோலை ஏற்றினால் நெரிசல் குறையும், ஏனென்றால் ஜனங்கள் ஃபெரிக்கு மாறிவிடுவார்கள்" என்று ஒருவர் எழுதுகிறார் என்று வை. இதில் அவர் வாய்விட்டுச் சொல்லாமல் நம்பியிருப்பது என்ன? ஃபெரியில் அத்தனை பேருக்கும் இடம் இருக்கிறது, ஏற்றுகிற காசு மனசை மாற்றும் அளவுக்குப் பெரியது, இந்த இரண்டும். "நெரிசல் கெட்டது" என்றும் ஒரு விடை கொடுத்திருப்பார்கள், நான் கேட்ட மாத்திரத்தில் அதைத்தான் அமுக்குவேன். அது உண்மையாகவே இருக்கட்டும், டோல் ஏறினால் நெரிசல் குறையுமா என்ற வாதம் அதன்மேல் நிற்கவில்லையே. விடையைப் பொய் என்று வைத்துப் பார், வாதம் சரிந்தால் அதுதான் விடை. எல்சாட்டின் லாஜிக்கல் ரீசனிங் கேள்விகள் இதற்கு நல்ல பயிற்சி, பழைய புத்தகம் போதும். லாஜிக் கேம்ஸ் பகுதியைத் திறக்காதே, எல்சாட்டிலேயே 2024 ஆகஸ்டில் அதை எடுத்துவிட்டார்கள், எல்நாட்டில் என்றைக்குமே கிடையாது.

நேரம். 12 பத்தி, 95 நிமிடம், ஒன்றுக்கு எட்டு நிமிடம்கூட முழுசாக இல்லை. ஒன்பதாவது நிமிடத்தில் எதையாவது அமுக்கிவிட்டுக் கிளம்பு, தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். நீ அந்த 14 நிமிடத்தில் காப்பாற்றப் பார்த்தது மிஞ்சிப்போனால் நாலு கேள்வி, அதற்காகப் படிக்காமல் விட்டது ஏழெட்டு.

அப்புறம் காசு கட்டாதே. அதிகாரபூர்வத் தளத்திலேயே பயிற்சித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன. நான் எழுதியபோது பரீட்சைக் கட்டணமே 120 பவுண்டு, அது போதாதா.

கோப்பி_ஓ:

சரி சரி, கசினிடம் பேசிக்கொள்கிறேன்.

வழக்குக்கட்டு:

கே.எல்.லில் வேலை பார்க்கிற வக்கீல் நான். படிக்கிற விதம் பற்றிச் செந்தூல்காரி சொன்னதில் குறை இல்லை. நான் கேட்பது வேறு. தங்கச்சி, படித்து முடித்து எங்கே வக்கீலாக நிற்கப் போகிறாய்?

இங்கே மலேசியாவில் என்றால், யூ.சி.எல். ஆனாலும் ஷெஃபீல்டு ஆனாலும் இங்கிலாந்து எல்.எல்.பி. சட்டப் பட்டத்தோடு திரும்புகிறவர் சி.எல்.பி. என்கிற வக்கீல் தகுதித் தேர்வு எழுத வேண்டும், இல்லை அங்கேயே பாரிஸ்டர் படிப்பு முடித்துவிட்டு வர வேண்டும். சி.எல்.பி. ஐந்து பேப்பர்: ஜெனரல் பேப்பர், சிவில் புரொசீஜர், கிரிமினல் புரொசீஜர், எவிடன்ஸ், புரொஃபெஷனல் பிராக்டிஸ். அதைத் தாண்டி ஒன்பது மாதம் சேம்பரிங், அதாவது ஒரு சீனியர் வக்கீலிடம் பயிற்சி. மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு சி.எல்.பி.யே தேவையில்லை. என்னோடு சேம்பரிங் செய்தவர்களில் யார் எந்தப் பல்கலைக்கழகம் என்று முதல் மாதம் பேசினோம், அதற்கப்புறம் யார் கோர்ட்டில் ஃபைலிங் முடித்துவிட்டு நேரத்தோடு வருகிறார் என்பதுதான் பேச்சு.

லண்டனிலேயே பெரிய ஃபர்மில் வேலை தேடுவது எண்ணமென்றால் கணக்கு மாறும், அங்கே யூ.சி.எல்., எல்.எஸ்.இ. பெயருக்கு மதிப்பு உண்டு, ஒரு வருடம் கொடுக்கலாம். இங்கேதான் என்றால் நானாக இருந்தால் ஷெஃபீல்டுக்குக் கிளம்பியிருப்பேன். எந்தப் பல்கலைக்கழகப் பட்டம் இங்கே செல்லும் என்று லீகல் புரொஃபெஷன் குவாலிஃபையிங் போர்டு வைத்திருக்கிற பட்டியலை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ.

செந்தூல்காரி:

அண்ணன் சொல்வது சரிதான். ஆனால் எழுதியிருக்கலாமே என்ற நினைப்பு மூன்று வருடமும் கூடவே வரும் சிலருக்கு, எனக்கு வந்திருக்கும். எழுதுவதென்றால் அந்த வருடத்தில் ஏதாவது வேலைக்குப் போ. நான் செந்தூலில் ஒரு லீகல் ஃபர்மில் கிளார்க்காக இருந்தேன், ஃபோட்டோஸ்டாட் எடுத்தே ரேகை தேய்ந்தது, சம்பளம் சொல்கிற மாதிரி இல்லை, ஆனால் கல்யாண வீட்டில் சொல்வதற்கு ஒரு பதில் இருந்தது.

பிறைப்பெண்:

எல்லாருக்கும் நன்றி. வழக்குக்கட்டு அண்ணன் கேட்ட கேள்வியை நேற்று ராத்திரி அப்பாவும் கேட்டார். இங்கேதான் வேலை செய்வேன் என்று வாயிலிருந்து வந்துவிட்டது, வந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. அதனால் ஷெஃபீல்டு இடத்தை விடப்போவதில்லை, முக்கால்வாசி முடிவு அதுதான். ஆனால் அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய கடைசி நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் வீட்டிலேயே நேரம் வைத்து நாலு பேப்பர் செய்யப் போகிறேன், 26-க்கு மேல் வந்தால் அப்புறம் அப்பாவிடம் மறுபடி பேசுவேன்.

555 வாங்கியாகிவிட்டது. நேற்றைய பேப்பரில் 17 தப்பு. அதில் ஏழுக்கு எதிரே "கேள்வியைத் தப்பாகப் படித்தேன்" என்றே எழுதியிருக்கிறேன். அக்கா, இது என்ன வியாதி?

செந்தூல்காரி:

அந்த ஏழு கேள்வியிலும் 'நாட்', 'எக்ஸெப்ட்', 'லீஸ்ட்' இருக்கிறதா பார். இருந்தால், பத்தியைப் படிக்கும் முன்னால் கேள்வியைத் தமிழில் வாய்விட்டு ஒரு தடவை சொல்லு. "இதில் எது அவர் சொல்லாதது?" பரீட்சை சென்டரில் என்றால் உதட்டை மட்டும் அசை.

பிறைப்பெண்:

ஏழில் ஐந்து.