பழைய பேஸ் கிளாரினெட்: பிளாஸ்டிக்கா, மரமா? வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

நடுவரிசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதினான்கு ஆண்டுகளாக பி பிளாட் கிளாரினெட், அதாவது வழக்கமான சின்னக் கிளாரினெட், வாசிக்கிறேன். எங்கள் குழுவில், அதைவிடப் பெரிதாக, கீழே ஒலிக்கும் பேஸ் கிளாரினெட்டை வாசித்தவர் விலகிவிட்டார். அந்த இடத்துக்கு வருகிறாயா என்று குழுவை நடத்துபவர் கேட்டார். யோசிக்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான்கு ஆண்டுகள் அவருக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் கீழ்ச் சுரங்களைப் பிடிக்கும்போது என் நாற்காலியின் கால் வழியாக அந்த அதிர்வு ஏறி வரும். அது எனக்கு வேண்டும்.

புதிதாக வாங்க வசதியில்லை. இரண்டு பழைய கருவிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று, பள்ளிக் குழு ஒன்று கழித்துவிட்ட பிளாஸ்டிக் கருவி. உடல் ஒரே துண்டு; பெட்டியின் கைப்பிடி உடைந்திருக்கிறது; கீகளின் (துளைகளைத் திறந்து மூடும் உலோக நெம்புகோல்களின்) முலாம் விரல் படும் இடங்களில் தேய்ந்திருக்கிறது. மற்றொன்று கிரெனடில்லா மரத்தில் செய்தது, இரண்டு பாகங்கள், கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் மேல் பாகத்தில் விரிசல் விட்டு ஒட்டியிருக்கிறார்கள். பத்து ஆண்டுகளாக யாரும் வாசிக்கவில்லை என்று விற்பவரே சொல்கிறார். விலை பிளாஸ்டிக்கை விடச் சற்று அதிகம். இரண்டுமே கீழே ஈ பிளாட் என்ற சுரம் வரைதான் போகும்.

முன்பு ஒரு முறை படத்தை மட்டும் பார்த்துப் பழைய கிளாரினெட் ஒன்றை வாங்கி, வாங்கிய விலைக்குச் சமமாகப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்? அதற்கும் கீழே சி வரை போகும் கருவிக்காகக் காத்திருக்க வேண்டுமா?

பட்டறைக்காரர் எழுதியது:

தம்பி, மரமா பிளாஸ்டிக்கா என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். காற்று கசியாத பிளாஸ்டிக், கசியும் மரத்தை எந்த நாளும் தோற்கடிக்கும். சின்னக் கிளாரினெட்டில் லேசான கசிவு இருந்தால் உதட்டை இறுக்கிச் சமாளித்துவிடலாம். பேஸில் அது நடக்காது. பேட்கள், அதாவது துளைகளை மூடும் மெத்தைகள், பெரியவை, அவற்றை இயக்கும் தண்டுகள் நீளமானவை; ஒரு தண்டு முடியளவு வளைந்தாலும் கீழே பேட் ஒரு பக்கம் தூக்கி நிற்கும்.

சிகரெட் சுற்றும் தாள் ஒன்றைக் குறுகலான பட்டைகளாக வெட்டி எடுத்துப் போங்கள். பட்டையைப் பேட்டுக்கும் துளையின் விளிம்புக்கும் நடுவே வைத்து, வாசிக்கும்போது அழுத்தும் அளவுக்கே கீயை அழுத்தி, மெல்ல இழுங்கள். முன், பின், இடம், வலம் என்று நான்கு பக்கமும் ஒரே அளவு பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் வெண்ணெயில் விட்ட கத்திபோல் நழுவி வந்தால் அங்கே கசிவு. மிகக் கீழே இருக்கும் இரண்டு பேட்களில் பொறுமையாகச் செய்யுங்கள். பழைய கருவிகளில் நான் அதிகம் திருத்துவது அங்கேதான். மரக்கருவியின் மேல் பாகத்தைத் தனியே கழற்றி, எல்லாத் துளைகளையும் விரல்களால் மூடி, அடியை உள்ளங்கையால் அடைத்து, மேலிருந்து காற்றை உறிஞ்சிப் பாருங்கள். அந்த உறிஞ்சல் சில நொடிகளாவது நிற்க வேண்டும். விரிசல் ஒட்டப்பட்டிருப்பது குற்றமில்லை. அது ஒரு துளைக்குள் ஓடுகிறதா, பாகங்கள் பொருந்தும் முனை வரை போகிறதா என்பதுதான் கேள்வி. அப்படிப் போனால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது ரெஜிஸ்டர் கீ, ஒலியை மேல் ஸ்தாயிக்குத் தாண்டவைக்கும் கீ. நல்ல பேஸ் கிளாரினெட்டில் கட்டைவிரலுக்குக் கீ ஒன்றுதான், ஆனால் அது திறக்கும் துளைகள் இரண்டு. மேல் ஸ்தாயியில் நடு பி முதல் டி ஷார்ப் வரை ஒரு துளை. ஈ தொடங்கி மேலே மற்றது. எது திறப்பது என்பதை வலது கை மோதிர விரல் முடிவு செய்கிறது. அந்த விரலை எடுத்ததும் கருவி தானாக மாறிக்கொள்ளும். டி, ஈ, டி, ஈ என்று மெதுவாக இருபது முறை வாசியுங்கள். நடுவில் உறுமினாலோ கீச்சிட்டாலோ அந்த இணைப்பு சரியில்லை. இரண்டு துண்டுக் கருவியில் இந்த இணைப்பு பாகங்களின் மூட்டைக் கடந்து போகிறது. பூட்டும்போது அவசரப்பட்ட யாரோ ஒருவர் அதை வளைத்திருப்பார். ஒற்றைத் துண்டுக் கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்த நீளப் பெட்டியைத் தூக்கித் திரிவதுதான் தொல்லை.

பத்து ஆண்டு பெட்டிக்குள் கிடந்தது என்றால் பேட்கள் காய்ந்து இறுகியிருக்கும், தக்கைகள் உதிரும். முழுதாகப் பேட் மாற்றும் செலவையும் சேர்த்தே அந்த மரக்கருவியின் விலையை நினையுங்கள். அந்தச் செலவு வாங்கும் விலையைத் தொட்டுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

யமஹா 221, பண்டி, வீட்டோ போன்ற மாணவர் கருவிகள் பல கைகள் மாறியும் உழைப்பவை. அவற்றைத் திருத்திப் பழகியவர்களும் நிறைய. பெயரே இல்லாமல் மிக மலிவாக வரும் புதிய கருவிகளில் சிலவற்றின் கீகள் மென்மையான உலோகம். இன்று நிமிர்த்தினால் அடுத்த மாதம் மறுபடி வளையும். அவற்றுக்கு என் வாக்கு இல்லை.

கீழ்ஸ்தாயி எழுதியது:

கீழ் சி பற்றி மட்டும் சொல்கிறேன். காத்திருக்க வேண்டாம். ஈ பிளாட் கீ வந்ததற்கே ஒரு காரணம் உண்டு. வாக்னர் காலத்தில் ஏ சுருதி பேஸ் கிளாரினெட்டுக்கும் எழுதினார்கள். அதன் கடைசி ஈ சுரத்தை பி பிளாட் கருவியில் எட்ட, அரைச் சுரம் கீழே போக வேண்டும். ஆகவே குழுக்களில் வரும் பெரும்பாலான பகுதிகளுக்கு ஈ பிளாட் போதும். ஷோஸ்டகோவிச் போன்றவர்களின் சில படைப்புகளில்தான் அதற்கும் கீழே கேட்பார்கள். கீழ் சி கருவியில் துளைகளும் கீகளும் அதிகம், எடையும் பராமரிப்பும் அதிகம். பழையதாக வாங்குகிறவருக்கு அது கூடுதல் கவலை.

உங்கள் இசைத் தாள்களின் தொடக்கத்தில் டிரெபிள் கிளெஃப் என்ற குறி இருந்தால் எழுதியதற்கு ஒரு ஸ்தாயியும் ஒரு முழுச் சுரமும் கீழே ஒலிக்கும். விரல்கள் உங்களுக்குப் பழகியவையே. பேஸ் கிளெஃப் இருந்தால் ஒரு முழுச் சுரம் மட்டுமே கீழே. முதல் ஒத்திகைக்கு முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

ரீட்பெட்டி எழுதியது:

ஒரே ஒரு வேண்டுகோள். மவுத்பீஸுக்கு, அதாவது வாயில் வைத்து ஊதும் பகுதிக்கு, கொஞ்சம் பணம் மிச்சம் வையுங்கள். பழைய மாணவர் கருவிகளோடு வரும் மவுத்பீஸின் முனை பெரும்பாலும் பல் பட்டும் இடித்தும் சிதைந்திருக்கும். என் முதல் கருவியை விற்றுவிடலாம் என்ற நிலைக்கு வந்தபோது நண்பர் தன் செல்மர் சி ஸ்டார் மவுத்பீஸைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அதே கருவி, மவுத்பீஸில் பூட்டும் நாணல் தகடான ரீட்டும் அதே. அதுவரை மூச்சுச் சத்தமாக மட்டும் வந்துகொண்டிருந்த எஃப் முழுதாக எழுந்தது. கருவியை விற்கவில்லை. பேஸ் ரீட் கைக்குக் கிடைக்காத நாளில் டெனர் சாக்ஸபோன் ரீட்டைப் போட்டு வாசிக்கலாம், அளவு கிட்டத்தட்ட ஒத்துப்போகும்.

கழுத்துக் குழாயையும் பாருங்கள். வளைவில் நசுங்கல், பற்றவைத்த இடத்தில் பிளவு இருக்கக் கூடாது.

நடுவரிசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன்.

மரக்கருவியை முதலில் எடுத்தேன். உறிஞ்சிப் பார்த்தால் ஒரு நொடி கூட நிற்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரிசல் மூன்றாவது துளையின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தது. படத்தில் அது தெரியாத கோணம். விற்பவர் நல்ல மனிதர், அவருக்கே அது தெரியவில்லை, அவரிடமும் காட்டினேன். அந்த மரத்தை மூடிவைத்துவிட்டு வர மனம் கனத்தது.

பிளாஸ்டிக் கருவியில் தாள் பட்டை எல்லா இடத்திலும் பிடித்தது, கடைசி ஈ பிளாட் பேட்டின் பின்பக்கம் தவிர. ரெஜிஸ்டர் துளைகள் இரண்டு. டி, ஈ இருபது முறை வாசித்தேன், இரண்டு முறை மட்டும் உறுமியது. பிறகு என் உதட்டைத் தளர்த்திக்கொண்டேன், உறுமல் போய்விட்டது. சின்னக் கிளாரினெட்டின் இறுக்கத்தோடு ஊதியிருக்கிறேன். கீழ் எஃப் பிடித்தபோது தரையில் ஊன்றிய கம்பி வழியாக அதிர்வு என் பாதத்துக்கு வந்தது. வாங்கிவிட்டேன்.

பட்டறைக்காரர் ஐயாவுக்கு ஒரு கேள்வி: அந்த ஒரு பேட்டை மட்டும் மாற்றலாமா, அல்லது சூடு காட்டித் திருப்பி உட்காரவைக்கலாமா?

பட்டறைக்காரர் எழுதியது:

பேட்டின் தோல் கிழியாமல் மென்மையாக இருந்தால் சூடு காட்டித் திருப்பினாலே போதும். ஆனால் உடல் பிளாஸ்டிக், தம்பி. நெருப்பை வீட்டில் நீங்கள் கையில் எடுக்காதீர்கள். பழகிய கைக்குக் கால் மணி நேர வேலை. எடுத்துப் போகும்போது அந்த நீளத் தண்டின் திருகுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெயும் விடச் சொல்லுங்கள்.